மூன்றாம் ஓலை

நாகர்கோவிலில் எங்கள் தெருவின் நடப்பெல்லாம் கோயிலில்தான் வெளியாகும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் தெருவைவிடப் பழையது. அதைச் சுற்றித்தான் பிறகு வீடுகளும் கடைகளும் வந்தன என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் முடிந்ததும், காணாமல்போன மாடு, கோயில் கிணறு இறைக்கும் நாள், யாருக்கு யாருடன் கல்யாணம் எல்லாவற்றையும் சாமியார் சொல்லுவார். எதிர்வீட்டுப் புளி வியாபாரியின் மனைவி இந்து மதத்துக்காரி, உள்ளே வரமாட்டாள். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கவாசலில் வந்து நின்றுகொள்வாள். எங்களைவிட அவளுக்குத்தான் சேதி சுத்தமாகத் தெரியும்.

கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள், மறைப்பது பாவம் என்பார் சாமியார். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் என் அக்காவுக்கு ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை தாய்மாமன் மகன். அக்காவுக்கு அவரைப் பிடிக்கவில்லை; கன்னியர் மடத்தில் வாத்திச்சி வேலைக்குப் படிக்க ஆசை. வீட்டில் சொன்னாள். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் கோயிலில் வேதம் படிப்பிக்கும் ஞானோபதேசத்தில் அவள் கெட்டி. நெருங்கிய ரத்த உறவு கல்யாணத்துக்குத் தடை என்று படித்திருந்தாள்.

“கோயில் நெறைய சனம் இருக்குல்லா, ஒருத்தராவது சொல்ல மாட்டாவளா?” என்றாள் என்னிடம்.

முதல் ஞாயிறு யாரும் சொல்லவில்லை. இரண்டாம் ஞாயிறும் இல்லை. மறைக்க வேண்டுமென்று யாரும் மறைக்கவில்லை. மாமன் மகன் என்பதுதான் அவர்கள் கண்ணில் அந்தச் சம்பந்தத்தின் பெரிய தகுதி. வேறு தகுதி எதுவும் எனக்கும் தட்டுப்படவில்லை. விசாரித்துச் சொல்ல வேண்டிய உபதேசியாரும் தடை இல்லை என்றே சாமியாரிடம் சொல்லியிருந்தார். அவர் மனைவியும் மாமன் மகள்தான். சாமியாரோ ஊருக்குப் புதிது.

அன்று பூசை முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனாள்.

“சாமி, அவரு எங்க அம்மைக்க ஒடம்பொறந்த அண்ணன் மவன்.”

சாமியார் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை.

அப்பாவும் மாமாவும் பங்களாவுக்கு ஓடினார்கள். அக்காவையும் வரச்சொல்லியிருந்தார் சாமியார். ஒட்டிக்கொண்டு நானும் போனேன்.

“மொறைப்பொண்ணக் கெட்டுகதுக்குத் தடையா? இது என்ன நியாயம் சாமி?” என்று மாமா குதித்தார்.

“பயப்படாதீர்கள், இதற்கு விலக்கு உண்டு. பிஷப் ஆண்டவருக்கு மனுப் போட்டால் கிடைத்துவிடும்” என்றார் சாமியார்.

அப்பாவுக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. தான் நம்பியிருந்த தடைக்கும் விலக்கு உண்டென்று அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

சாமியார் தாளை எடுத்தார்.

“மனு மாப்பிள்ளையும் பெண்ணும் கேட்டதாக இருக்க வேண்டும். நீ கேட்கிறாயா மகளே?”

“கேக்கேன்னு சொல்லு மக்கா,” என்றார் அப்பா. அவர் அவளிடம் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வாசலில் புளி வியாபாரியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அக்கா சாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கல்யாணத்தில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது.

“கேக்க மாட்டேன் சாமி,” என்றாள்.