குருவம்மாள் கிணற்றில் இரண்டு அளவு

பால்வண்ணநாதன் ஓய்வுபெற்று இரண்டு வருஷம் ஆகிறது. தென்காசிச் சந்தையில் கத்தரிக்காயைப் பார்த்தால் இன்னமும் நின்றுவிடுவார். வாங்கவும் மாட்டார், நகரவும் மாட்டார். கூட வரும் மனைவி சாவித்ரிக்கு எரிச்சலாக இருக்கும். என்ன செய்ய, அவர் கண்ணுக்குத் தெரிவது அச்சன்புதூர்க் கிணறு ஒன்று.

எழுபத்தாறாம் வருஷப் பங்குனி அது. கிணறு எவ்வளவு தாங்கும் என்று அளக்கிற சர்க்கார் வேலை அவருக்கு. எஞ்சின் வைத்து நாள் முழுக்கத் தண்ணீரை இறைப்பார்கள். நனைந்த தடம் தெரியச் சுண்ணாம்புக்கட்டி தடவிய டேப்பை இறக்கி, மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்தியபின் எவ்வளவு வேகமாக ஏறியது என்று எழுதுவார். அதை வைத்துத்தான் பாறைக்குள் எவ்வளவு ஊற்று ஓடுகிறது என்று கணக்குப் போட்டு, எந்த அளவு மோட்டார் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். இறைத்த தண்ணீர் தூரத்து ஓடைக்குப் போய்விட வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆனால் விவசாயி வீட்டில் பிறந்த மனுஷன். கண்ணெதிரே தண்ணீர் வீணாய் ஓடினால் கை சும்மா இருக்குமா? கிணற்றை ஒட்டி, கிணற்றுக்காரி குருவம்மாளின் கத்தரிச் செடிகள் வாடித் தலை தொங்கிக் கிடந்தன. அவளுக்குப் புருஷனும் இல்லை, கமலை இழுத்த மாடும் செத்துப்போயிற்று. ஐந்து குதிரைசக்தி மோட்டார் கிடைத்தால் வாழை வைக்கலாம் என்று இந்தச் சோதனையையே நம்பியிருந்தாள். அவர் மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் கரையை வெட்டிவிட்டார். செடிகள் குடித்தன. கிணற்று மட்டமும் அதற்குமேல் இறங்கவே இல்லை.

மறுநாள் ஆபீஸில் கட்டத்தாளில் புள்ளி வைத்தபோது, சரிய வேண்டிய கோடு பாதியில் படுத்துக்கொண்டது. இன்ஜினியர் கல்யாணராமன், "பேஷான கிணறு ஓய்" என்றார். பால்வண்ணநாதனுக்கு வெட்டிவிட்ட வாய்க்கால் கரை ஞாபகம் வந்தது. மணல் மண்ணில் பாய்ந்த தண்ணீரே திரும்பக் கிணற்றுக்குள் ஊறியிருக்கிறது.

சொன்னால் மெமோ. சொல்லாவிட்டால் அடுத்த கோடையில் அவள் வாழை கருகும். சொல்லிவிட்டார். மெமோவையும் வாங்கிக்கொண்டு குருவம்மாளிடம் போய் நின்றார்.

"தப்பு என்னோடது தாயி. மறுபடி இறைக்கணும். பெரிய மோட்டார் கிடைக்காமக்கூடப் போவும்."

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, "பொய்க் கணக்குல மோட்டார் வாங்கி நான் என்ன செய்ய அண்ணாச்சி? இறையுங்க" என்றாள்.

பத்து நாள் கழித்து மறுசோதனை. அவர் வெட்டிய இடத்தை அவளே மிதித்து அடைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். காலடியில் தண்ணீர் ஓடைக்கு ஓடியது. முதுகுக்குப் பின்னால் செடிகள் மறுபடி வாடிக் கிடந்தன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றே மணி நேரத்தில் கிணறு காலி. சின்ன மோட்டாருக்குத்தான் எழுத முடிந்தது, வாழை என்கிற பேச்சே இல்லை. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் அவர் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மடியிலிருந்து நாலு கத்தரிக்காயை எடுத்து அவர் பையில் போட்டாள்.

"வேண்டாம் தாயி."

"அன்னைக்கு நீங்க பாய்ச்சின தண்ணியில பிடிச்ச காயி அண்ணாச்சி. இவ்வளவுதான் இருந்துது. கொண்டு போங்க."