பாதித் தாய்மாமன்

தங்கமாரி வேலை பார்த்த செல்போன் கம்பெனியை மூடியபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கூட இருந்த பெண்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் பஸ் ஏறினார்கள். இவள் ஏறவில்லை. வந்த செட்டில்மென்ட்டில் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினாள். ஹாஸ்டலே சிரித்தது. சிரிக்கட்டுமே, அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்!

போட்டோ பிடிக்க அவளுக்குத் தெரியும். நாலு வருடமாக வார லீவையெல்லாம் சுங்குவார்சத்திரத்தில் நடேசனின் ஸ்டுடியோவில்தான் கழித்திருந்தாள். நடேசன் வைத்திருந்தது பெரிய ஃபுல் ஃபிரேம் கேமரா. அதன் பழைய லென்ஸ் ஒன்றை அவரிடமே வாங்கித் தன் சின்னக் கேமராவில் மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்திவிட்டதே, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் வேலை வடக்குப்பட்டில், அவள் புதிதாகக் குடிவந்த வீட்டிலேயே கிடைத்தது. வீட்டுக்காரி சின்னப்பொண்ணுவின் மகளுக்குக் காதுகுத்து. பத்துப் பேர் நிற்கும் குரூப் போட்டோவுக்கு எட்டுக் காலடி என்பது ஸ்டுடியோவில் கற்ற கணக்கு. எட்டாவது காலடியில் சாக்பீஸ் கோடு போட்டு, ஸ்டாண்டை நிறுத்தி, ஆட்கள் வருவதற்கு முன்பே நடுவைப் பார்த்து வைத்துக்கொண்டாள். அப்புறம் கேமராவுக்குள் கண்ணை வைக்கவேயில்லை. பக்கத்தில் நின்று குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டே பட்டனை அழுத்தினாள்.

பிரிண்ட் வந்தது. குழந்தையை மடியில் வைத்துக் காது குத்திய தாய்மாமன் கோதண்டராமன், குரூப்பில் மட்டும் கூச்சப்பட்டு ஓரத்தில் நின்றவர், படத்தில் பாதிதான் இருந்தார். ஒரு கண், அரை மீசை, ஒரு தோள்.

"சீர் எடுத்துகினு வந்தவன நறுக்கி வுட்டீங்களே! என் மூஞ்சி வோணாம்னு சொல்லியிருந்தா வந்தேயிருக்க மாட்டேன்!" என்று தங்கையிடம் கத்திவிட்டுப் போனவர்தான். மாதக்கணக்கில் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"இன்னாமே பண்ணி வச்ச? எனக்குன்னு கீறது ஒரே அண்ணன்மே," என்று சின்னப்பொண்ணு மூக்கைச் சிந்தினாள். பிரித்து வைத்தது நான், சேர்த்து வைக்காமல் இந்த ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று தங்கமாரி அன்றைக்கே முடிவு கட்டினாள்.

நேரே ஸ்டுடியோவுக்குப் போய், அந்த லென்ஸை இரண்டு கேமராவிலும் மாற்றி மாற்றி மாட்டி, சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். நடேசனின் கேமராவில் காலண்டரும் தெரிந்தது, பக்கத்து ஆணியில் தொங்கிய சட்டையும் தெரிந்தது. அவளுடையதில் காலண்டரின் நடு மட்டும்தான். லென்ஸ் முழுசாகத்தான் கொடுக்கிறது. சின்னக் கேமரா நடுவை எடுத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுகிறது.

"உன் கேமராவுக்குன்னே அகலமான லென்ஸ் கீதும்மா, அத்த வாங்கிக்கோ," என்றார் நடேசன்.

"இத வச்சே எடுக்கேண்ணே. எம்புட்டுத் தள்ளி நிக்கணும்னு தெரிஞ்சாப் போதும்."

ஒரு வாரம் ரேஷன் கடைச் சுவர் முன்னால் கோடு போட்டுக் கோடு போட்டு அளந்தாள். போகிற வருகிறவர்கள் பைத்தியம் என்றார்கள். ஸ்டுடியோவின் எட்டுக்கு அவளுக்குப் பதின்மூன்று வந்தது.

வைகாசியில் ஊரில் தீமிதி. அண்ணனும் தங்கையும் தனித்தனியாகக் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டாதவர்கள் சுற்றிலும் கட்டிய கயிற்றுக்கு வெளியேதான் நிற்கவேண்டும். தங்கமாரி முதல் நாளே போய், நெருப்பைத் தாண்டியவர்கள் கால் நனைக்கும் பால்குழியிலிருந்து கயிறுவரை நடந்து பார்த்தாள். பதின்மூன்று காலடி! தனியாக நின்று சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயந்தரம் கோதண்டராமன் நெருப்பைத் தாண்டி வந்தபோது பால்குழி ஓரத்தில் கால் தடுமாறிவிட்டது. "அண்ணே!" என்று பாய்ந்து தாங்கியவள் சின்னப்பொண்ணு. இந்தத் தடவை தங்கமாரி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுதாரித்து நின்ற கோதண்டராமன் தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

விடுவாளா தங்கமாரி? கோதண்டராமன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அடுத்த நாள் ஒரகடம் கூட்ரோட்டில் ஷிப்ட்டுக்கு நின்ற பஸ்ஸில் ஏறி, பிரிண்ட்டை ஸ்டியரிங் மேலேயே வைத்தாள். அவர் முதலில் படத்தின் ஓரங்களைப் பார்த்தார். எங்கேயும் நறுக்கவில்லை. அப்புறம் நடுவைப் பார்த்தார். தங்கை அவரைத் தாங்கியிருந்தாள். அவர் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நானா புடிச்சிகினு கீறேன்?"

"நீங்கதான் அண்ணாச்சி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாரனை ஒருதரம் சும்மா அடித்தார்.

ஷிப்ட் முடிந்ததும் சின்னப்பொண்ணுவின் வாசலில் வந்து நின்றார். "அந்தக் காதுகுத்துப் படத்த மறுக்கா எடும்மா. வூட்ல எடம் பத்தலன்னா சொல்லு, செவுத்த இடிச்சிடலாம்."

"சுவர இடிக்காண்டாம் அண்ணாச்சி, எல்லாரும் தெருவுக்கு வாங்க. நீங்க நடுவுல நில்லுங்க."

அவர் கேட்கவில்லை. வீம்புக்கென்று அதே ஓரத்தில் போய் நின்றார். தங்கமாரி எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தாள். பதின்மூன்று வைத்தவள், அவருக்காக இன்னொன்றும் வைத்தாள்.