தலையில் படிந்தது

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கிற இடத்தில் கண்ணாடியக்கா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் முன் கவுண்டர் அவளுடையது. ஃபிரேமை எடுத்து, கடைக்கு வந்தவர் மூக்கில் மாட்டிவிட்டு, ஓரடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். "வேணாம் சார், பரீட்சையில பிட்டு பிடிக்க வந்த வாத்தியார் மாதிரி இருக்கீங்க." மனிதர் சிரித்துவிடுவார். எதை மாட்டினாலும் நல்லா இருக்கு என்கிற விற்பனையாளர்களை அவளுக்குக் கண்ணிலே காட்டக் கூடாது. "நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு ஆள் எதுக்குடி? அது கிளிப்பிள்ளை வேலை" என்பாள்.

அத்தான் தவறிப்போன பிறகு அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை கிடையாது. பிள்ளையும் இல்லை. ஒற்றை அறை, ஒரு குக்கர், ஒரு டிவி. "குக்கராவது மூணு தடவை பதில் சொல்லுது" என்று அதையும் வேடிக்கையாகத்தான் சொல்வாள். அவள் பேசிய பேச்செல்லாம் அந்தக் கவுண்டரில் பேசியதுதான்.

கடையைப் புதுப்பித்தார்கள். திறப்பதற்கு முந்தின வாரம் முதலாளியின் மகன் அவளைக் கூப்பிட்டான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி நிக்கிறவங்க கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும். தலைக்கு நல்ல பார்லர்ல கலர் பண்ணிட்டு வந்துடுங்க. முடியலேன்னா உள்ளே பேக்கிங்ல உக்காருங்க." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்?

நான்தான் பார்லருக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் அக்காவின் முடியை இரண்டு விரலால் நீவிப் பார்த்தாள். "டை அடிப்பீங்களா ஆன்ட்டி?"

"சேச்சே, எண்ணெய் மட்டும்தான்" என்றாள் அக்கா. காது மடலில் டைக் கறை கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, இவள் பேச்சைப் பாருங்கள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "முடி மேல நிறைய படிஞ்சிருக்கு ஆன்ட்டி. டை, எண்ணெய், புகை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. அதை எடுக்காம கலர் பிடிக்காது. சனிக்கிழமை வாங்க, அதுக்குன்னே ஷாம்பு இருக்கு, நானே அலசி விடறேன். வீட்டுல ஒண்ணும் பண்ணாதீங்க."

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "அழுக்குன்னு சொல்லிட்டாடி."

"அழுக்குன்னு எங்க சொன்னா? படிஞ்சிருக்குன்னா."

"ரெண்டும் ஒண்ணுதான். பக்கத்து நாற்காலிக்காரி திரும்பிப் பார்த்தா."

சனிக்கிழமை தலையில் துணியை இறுகச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் துணியை அவிழ்த்தாள். எனக்குப் பகீரென்றது. முடி தேங்காய் நார் போல நின்றது. ஓரிடத்தில் செம்பட்டை, ஓரிடத்தில் கறுப்பு, மற்றதெல்லாம் நரை. வகிட்டைப் பிரித்தால் தோல் உரிந்து, நெற்றி ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"என்ன ஆன்ட்டி போட்டீங்க?"

"பாத்திரம் தேய்க்கிற சோப்பும்மா. அப்புறம் துணிக்குப் போடற சோடா. பிரஷ்ல நல்லா தேச்சேன். உன் கையில அழுக்குப் படக் கூடாதுல்ல?"

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதை என்பார்களே, அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவிழ்த்த துணியை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன்.

"புண்ணு மேல கலர் வெச்சா வெந்துடும் ஆன்ட்டி. ஆறட்டும். நான் வெக்க மாட்டேன்."

"பொறுத்துக்குவேன்மா. எவ்வளவோ பொறுத்தாச்சு. திங்கட்கிழமை கடை திறக்கறாங்க." அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. என் அக்கா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. "என்கிட்ட விட்டிருந்தா அரை மணி நேர வேலை ஆன்ட்டி" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா அழுதாள்.

திங்கட்கிழமை முதலாளியின் மகன் அவள் தலையைப் பார்த்துப் பதறித்தான் போனான். "முதல்ல ஆறட்டும்கா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பேக்கிங்கில் உட்கார வைத்தான். முன்னால் ஒரு புதுப் பெண்ணை நிறுத்தினார்கள். புண் ஆறியது. அதே பார்லர் பெண் பதமாக அலசி, பழசையெல்லாம் எடுத்து, கலர் வைத்துவிட்டாள். அக்காவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஆனால் முன் கவுண்டர் திரும்பி வரவில்லை. "அந்தப் பொண்ணு பழகிட்டாக்கா, இப்போ எப்படி மாத்தறது?" என்றானாம். அக்கா சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அவள் போன் செய்வதும் குறைந்தது. நான் கூப்பிட்டால் "ம்" என்பாள். "என்னக்கா, பேசேன்" என்றால் "என்னத்தடி பேசறது?" என்பாள்.

போன வாரம் எனக்குக் கண்ணாடி போட வேண்டி வந்தது. கடைக்குப் போய், அக்காதான் மாட்டிவிட வேண்டும் என்று அடம் பிடித்தேன். உள்ளறையிலிருந்து வந்தாள். தலை கருகருவென்று மின்னியது. கையெல்லாம் அட்டைத் தூசு. நான் நீட்டிய ஃபிரேமை வாங்கி மாட்டிவிட்டாள். அது எனக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று எனக்கே தெரிந்தது. வேண்டுமென்றேதான் அதை எடுத்திருந்தேன். திட்டுவாள், ஏதாவது சொல்வாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.