இடுப்பாண்ட ப்ளே

வாலாஜாபாத்தில் மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது அந்த மனிதர் பக்கத்து சீட்டில் இருந்தார். நீல யூனிஃபார்ம், கிரீஸ் ஏறிய நகங்கள். எது கண்ணில் பட்டாலும் இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முன் சீட்டுக் கம்பி, ஜன்னல் ஷட்டர், தன்னுடைய டிபன் கேரியரின் பிடியைக்கூட விடவில்லை.

மகளின் காலிரண்டையும் நேராக நீட்டி, துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தேன். அப்போதுதான் கால் வளையாமல் வளரும் என்பது என் நம்பிக்கை.

"யம்மா, கொயந்தைக்கு இடுப்பாண்ட ப்ளேவே இல்லியே" என்றார்.

இரண்டு பாகம் சேருகிற இடத்தில் அசைவதற்காக விடும் இடைவெளியை ஒரகடம் கம்பெனிகளில் ப்ளே என்பார்கள். எனக்குச் சுருக்கென்றது.

"ஏண்ணா, கொயந்த இன்னா மிஷினா?"

"மிஷினுக்கே வேணும்மா. காலை நீட்டி இறுக்கினா தொட எலும்பு இடுப்புக் குழில சரியா ஒக்காராது. மடங்கி ரெண்டு பக்கமும் விரியணும், தவள மாதிரி. நெஞ்சாண்டயும் ரெண்டு விரல் நுழையணும், மூச்சு வுட. தூங்க வெச்சா மல்லாக்கதான் வெக்கணும்."

இவ்வளவு சொன்னவர் குழந்தையை மட்டும் தொடவேயில்லை.

துணியைத் தளர்த்தினேன். இரண்டு முட்டியும் தானாக மடங்கி விரிந்தன. அவர் தலையாட்டிவிட்டு ஒரகடத்தில் இறங்கிப் போனார்.

பிரசவ லீவு எடுக்கும்வரை, ஒரகடம் கம்பெனி ஒன்றில் ப்ளே இல்லாத பீஸையெல்லாம் லைனிலிருந்து தள்ளிவைப்பதுதான் என் வேலை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.