தபீதாளின் இடது பக்கம்

தபீதாள் நின்றபடியேதான் காபி குடிப்பாள். ஒரு கையில் டம்ளர், மறு கையில் சிவப்புப் பேனா. சமையல் மேடையில் மிக்ஸிக்கும் உப்பு டப்பாவுக்கும் நடுவே ப்ளஸ் டூ வேதியியல் விடைத்தாள்கள் கிடக்கும். தவறான விடையை வெறுமே அடித்துவிட மாட்டாள். 'பாதி தூரம் சரியா வந்துட்ட, அங்கேர்ந்து திரும்பு' என்று ஓரத்தில் எழுதுவாள். கோபம் வந்தால் யாரிடமும் பேசாமல் கேஸ் அடுப்பைத் தேய்ப்பாள். அடுப்பு பளபளத்தால் அன்று பள்ளியில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் கணவன் எபி ஓவியன். சேலையூர் வீட்டின் பால்கனிதான் அவன் வேலை செய்யும் இடம். கல்யாணமான நாளிலிருந்து அவளை வரைந்து வருகிறான். எல்லாம் முதுகு, பின்கழுத்து, தோள். முகம் அகப்படுவதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். உட்காரச் சொன்னால், "நான் என்ன பழக்கூடையா?" என்பாள்.

பள்ளி திறந்த வாரம், அவள் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பாதி முகம் இறங்கியிருந்தது. எபி ஆடிப்போய்விட்டான். பக்கவாதம் இல்லை, முக நரம்பில் வீக்கம், பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் மாதங்கள் ஆகலாம் என்றார் டாக்டர். நீண்ட லீவு போடச் சொல்லி எபி கெஞ்சினான். அவள் ஒரு வாரம்தான் போட்டாள். பிறகு மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, அவனுடைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டாள்.

வகுப்பில் நடந்ததை அவளே வந்து சொன்னாள். உதடு ஒட்டாததால் 'ப'வும் 'ம'வும் நழுவின. போர்டில் 'பொட்டாசியம் பெர்மாங்கனேட்' என்று எழுதி வாசித்தாளாம். பாதிக் காற்றாகத்தான் வந்தது. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சிருங்க. அப்புறம் பாடம் நடத்தணும்" என்றாளாம். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று அடுப்பு தேய்க்கப்படவில்லை.

அந்தச் சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே வந்து பால்கனி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இப்ப வரைங்க."

இத்தனை வருஷம் காத்திருந்த முகம். எபி பொழுது சாயும்வரை வரைந்தான். நெற்றியின் சுருக்கம், காதோர நரை, மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம் எல்லாம் வந்தன. உதட்டுக்கு வந்தபோது, பழைய நேரான உதட்டையே போட்டுவிட்டான்.

அவள் எழுந்து வந்து பார்த்தாள்.

"யாருங்க இது?"

"நீதான் தபீ. எப்படியும் சரியாயிடும்னு டாக்டர் சொன்னாரில்ல."

"ஆகும்போது ஆகட்டும். இந்த வாயை வச்சுக்கிட்டுதான் நான் அத்தனை பிள்ளைங்க முன்னாடி நின்னேன்."

அவள் மனம் நோகக்கூடாது என்று தான் செய்தது, தன் பயத்துக்குச் செய்ததுதான் என்று எபிக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் விரலிடுக்கிலிருந்து தூரிகையை உருவினாள். கேன்வாஸுக்கு நெருங்கிக் குனிந்து, ஈரம் காயாத அந்த உதட்டின் இடது ஓரத்தைத் தாடைப் பக்கமாக மெல்ல இழுத்துவிட்டாள்.