ரச வாளியும் மாப்பிள்ளையும்

களமருதூரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் ரச வாளி இளமாறன் கையில்தான். தன் கல்யாணத்தில் தாலி கட்டிவிட்டு மாலையோடு மேடையில் நின்றபோது, கையை எங்கே வைப்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. பந்தியில் நாலு பேர் ரசத்துக்காகக் காத்திருப்பது வேறு கண்ணில் பட்டது. அவ்வளவுதான், மாலையைக் கழற்றி மணப்பெண் சுபஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு, பட்டுவேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டான். வாளியைத் தூக்கியதும்தான் மூச்சே வந்தது.

தாமதமாக வந்து நேராகப் பந்தியில் உட்கார்ந்த, மாப்பிள்ளையை அதுவரை பார்த்திராத சுபஸ்ரீயின் பெரியப்பா அவனிடமே கேட்டார்: "மாப்ள எங்கப்பா?"

"மேடைல குந்திக்கினு இருப்பாருங்க" என்றான் இளமாறன், ரசம் ஊற்றியபடியே.

பின்னால் அப்பளக் கூடையோடு சுபஸ்ரீ வந்து நின்றாள்.

"இவருதான் பெரிப்பா. இனிமே எனக்கும் இதான் பொழப்பு போல. அப்பளம் புடிங்க."