திட்டிவிட்டுத்தான் செய்தி

"பொய்யி! இதுவும் பொய்யி! எழுதினவன் கை விளங்குமா?"

ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்து தாளுக்குத் தாள் திட்டிக்கொண்டிருக்கிறார் செய்தியக்கா. தேசியத் தொலைக்காட்சியில் மதியச் செய்தி வாசிப்பவர். பவுடர் போடுகிற நான் தாடையைப் பிடித்து நிறுத்தினாலும் வாய் நிற்காது. "இங்க துப்பிட்டுப் போனாத்தான் அங்க சிரிக்க முடியும்" என்பார்.

துப்பாமல் என்ன செய்வார்? ஆட்சிகள் மாறிவிட்டன, வரவேற்பறைச் சுவரில் தலைவர் படமும் மாறிவிட்டது. முதல் செய்தி மட்டும் மாறவேயில்லை. தலைவர் எதையாவது திறந்துவைப்பார். திறக்க ஒன்றும் கிடைக்காத நாளில் போன வாரப் பாலத்தையே மறுபடி காட்டுவார்கள். "இதை எத்தனை தடவைடா தொறப்பீங்க, கதவு வச்ச பாலமா?" என்று அக்கா கத்துவார். விலையேற்றத்தை அறிவிக்கும் நாளில் பளிச்சென்று உடுத்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வேறு. தூ!

நேற்று ஒரு தாளுக்கு மட்டும் அக்கா திட்டவில்லை. வாங்கிப் பார்த்தேன். "வெள்ளத்தில் சிக்கிய அனைவரும் பத்திரமாக மீட்கப்பட்டனர். மீட்புப் பணி நிறைவடைந்தது." ஆற்றங்கரையில் வெள்ளம் சூழ்ந்த வீட்டின் மொட்டைமாடியில் அக்காவின் அம்மா காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். சற்று முன்புதான் போன் வந்திருந்தது, "படகு இன்னும் வரலம்மா" என்று.

செய்தி ஆசிரியர் எட்டிப் பார்த்தார். "அமைச்சகத்துலேருந்து வந்தது. ஓரெழுத்து மாத்தக்கூடாதும்மா."

"எங்கம்மா தண்ணிக்கு நடுவுல நிக்கிறாங்க சார். எல்லாரையும் மீட்டாச்சுன்னு நான் வாசிச்சா, தேடிப் போற படகையும் திருப்பிக் கூப்பிட்டுக்குவாங்க."

"நான் என்ன பண்றது? எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகுட்டியாம்! மாடியில் நிற்பவர்கள் மட்டும் ஆகாயத்திலிருந்து குதித்தவர்களா? பவுடர் டப்பாவை அந்த ஆள் முகத்தில் வீசியிருப்பேன். அதற்குள் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நேரலை. நான் படப்பிடிப்பு அறைக் கதவோரம் நின்றேன். தலைவரின் செய்தியை அக்கா பிசிறில்லாமல் வாசித்தார். அடுத்த தாளை எடுத்தார், பார்த்தார், கவிழ்த்து வைத்தார்.

"ஆற்றங்கரைப் பகுதியில் மக்கள் இன்னும் மாடிகளில் காத்திருக்கிறார்கள். படகு வைத்திருப்பவர்கள் உடனே புறப்படுங்கள்." அதே நிதானமான செய்திக் குரல்.

அக்காவின் காதில் பொருத்தியிருந்த கருவியில் ஆசிரியர் போட்ட கூச்சல் கதவோரம் நின்ற எனக்கே கேட்டது. அக்கா அதைப் பிடுங்கி மேசையில் வைத்தார். பிறகு, பிறந்து வளர்ந்த அந்தப் பகுதியின் தெருக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்ல ஆரம்பித்தார்.